குமரி மாவட்டத்திலிருந்து சனியின் வளையங்களையும் நிலாக்களையும் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சனிக்கிரகத்தைப் பார்ப்பதற்கு நம் மாவட்டம் அருமையான இடம். அதற்குக் காரணம் நாம் இருக்கும் அட்சரேகை. கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. சனியோ வானத்தின் நடுக்கோட்டுக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் வரும் கோட்டுக்கு) வடக்கிலும் தெற்கிலுமாக 23 டிகிரிக்குள்தான் நடமாடும். ஆகவே எந்த வருடமானாலும் அது நமக்கு நல்ல உயரத்துக்கு வந்தே தீரும். 2018-இல் சனி தெற்கே நன்றாகத் தாழ்ந்திருந்தபோது லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அதே சனி நாகர்கோவிலில் 59 டிகிரி உயரத்தில் நின்றது. தாழ்வாக இருக்கும் கோளின் ஒளி கனமான காற்றடுக்கைக் கடந்து வருவதால் உருவம் கலங்கித் தெரியும். உயரத்தில் இருந்தால் அந்தத் தொல்லை பாதிக்குமேல் குறைந்துவிடும்.

நமக்கு இடைஞ்சல் மழைதான். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நம்மை நனைத்துவிட்டுப் போகின்றன. அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் நமக்கு ஏமாற்றம்தான். கீழே உள்ளது நம் ஊருக்கான முறை.

படி 1: எந்த மாதம், எத்தனை மணி

சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சனி வரும் நாளை எதிரமைவு என்பார்கள். அன்று சனி மாலையில் உதித்து, நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வந்து, விடியும்போது மறையும். பூமிக்கு மிக அருகில் இருப்பதும் அப்போதுதான். 2026-இல் அது அக்டோபர் 4, 2027-இல் அக்டோபர் 18, 2028-இல் அக்டோபர் 30. வருடத்துக்கு இரண்டு வாரம் போலத் தள்ளிப்போகும்.

எல்லோரும் அந்த நாளைத்தான் சிறந்த நாள் என்பார்கள். நமக்கு அது ஐப்பசி அடைமழையை ஒட்டி வருகிறது. அன்றைக்கு மேகம் விலகினால் நல்லது, கட்டாயம் பாருங்கள். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். என் அபிப்பிராயத்தில் குமரிக்கு ஏற்ற சனிக் காலம் மார்கழி நடுவில் தொடங்கி மாசி தொடக்கம் வரை. மழை ஓய்ந்து, காற்றும் அடங்கி, வானம் துடைத்துவிட்டிருக்கும். 2026 டிசம்பர் முதல் வாரத்தில் இரவு 8 மணிவாக்கில் சனி தலைக்கு மேல் வரும். 2027 ஜனவரி தொடக்கத்தில் ஏழரை மணிக்கு வெளியே வந்தால் உச்சியிலிருந்து மேற்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும். பிப்ரவரி நடுவில் இருட்டும் நேரத்தில் மேற்கே பாதி உயரத்துக்கும் கொஞ்சம் கீழே. மார்ச்சில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். குழந்தைகளை ராத்தூக்கம் கெடுக்காமல் காட்ட இதைவிடத் தோதான நேரம் இல்லை.

இந்தத் தாமதத்தில் ஒரு லாபமும் உண்டு. எதிரமைவின்போது சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால், சனியின் நிழல் சனிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நாம் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். கோளத்தின் நிழல் வளையத்தின்மேல் விழுந்து, ஒரு ஓரத்தில் கறுப்பாக வெட்டினாற்போல் தெரியும். கோள் முன்னாலும் வளையம் சுற்றிப் பின்னாலும் போவதை அந்த நிழல்தான் கண்ணுக்கு உணர்த்தும்.

ஆனி, ஆடி மாதங்களில் விடியற்காலையில் சனி நன்றாகவே தெரியும். ஆனால் சாரலும் காற்றும் விடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை. அங்கே அந்த மாதங்களில் தொலைநோக்கி ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்காது.

படி 2: என்ன கருவி வேண்டும்

வெறும் கண்ணுக்குச் சனி மங்கலான மஞ்சள் நிற நட்சத்திரம்தான், மினுக்காது. சாதாரண 10×50 பைனாகுலரில் வளையம் தெரியாது. கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பதுபோல் தோன்றலாம், அவ்வளவுதான். வளையத்தைத் தனியாகப் பார்க்கக் குறைந்தது 25 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். 50 மடங்கில் சந்தேகமில்லாமல் தெரியும். 100 முதல் 150 வரை போனால் விவரங்கள் வரும்.

உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது சுலபம். தொலைநோக்கியின் குவிதூரத்தை (லென்ஸ் ஒளியைக் குவிக்கும் தூரத்தை) ஐபீஸின், அதாவது நாம் கண் வைக்கும் சிறு லென்ஸின், குவிதூரத்தால் வகுத்தால் போதும். 70 மி.மீ. லென்ஸும் 700 மி.மீ. குவிதூரமும் உள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு. 10 மி.மீ. போட்டால் 70. லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீ. உள்ளதோ அதன் இருமடங்குதான் பயனுள்ள உச்ச வரம்பு. 60 மி.மீ. தொலைநோக்கியின் பெட்டியில் '500 மடங்கு' என்று அச்சடித்திருந்தால் அதை வாங்காதீர்கள். அத்தனை மடங்கில் மங்கிய ஒரு கறைதான் தெரியும்.

முதல் தொலைநோக்கிக்கு இரண்டே வழி சொல்வேன். கையடக்கமாக வேண்டுமென்றால் 70 அல்லது 80 மி.மீ. லென்ஸ் வகை. வீட்டில் வைக்க இடமும் கொஞ்சம் பணமும் இருந்தால் 6 அங்குலம் அல்லது 8 அங்குல டாப்சோனியன், அதாவது பெட்டிபோன்ற அடித்தளத்தில் உட்காரும், லென்ஸுக்குப் பதில் குழியாடி உள்ள வகை. கால் மெலிந்த முக்காலியில் வரும் பெரிய கருவியைவிட, உறுதியான அடித்தளம் உள்ள சிறிய கருவியே மேல். வாங்குவதற்கு முன் ஒருமுறை வேறு யாருடைய தொலைநோக்கியிலாவது பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. அந்த மாதிரி ஒரு இரவுக்குப் போனால் எது நமக்குச் சரிப்படும் என்று தெரிந்துவிடும்.

படி 3: இடம்

சனிக்கு இருட்டு அவ்வளவு முக்கியமில்லை. நாகர்கோவில் நகரத்துக்குள் மொட்டைமாடியிலிருந்தே வளையம் நன்றாகத் தெரியும். காற்று கலங்காமல் இருப்பதுதான் முக்கியம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு ஒன்பது, பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு மேலெழும்போது தொலைநோக்கிக்குள் சனி நடுங்கும். தளத்தில் முன்னமே தண்ணீர் தெளித்துவிடலாம். அல்லது முற்றத்து மண்ணில், தோப்பில் திறந்த இடம் பார்த்து வைக்கலாம். மண் சீக்கிரம் ஆறிவிடும்.

மங்கலான நிலாக்களைத் தேடுகிறவர்களுக்கு இருட்டு வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் வானம் நல்ல கறுப்பு. சொத்தவிளை, முட்டம் போன்ற கடற்கரைகளில் தென்வானம் விரிந்து கிடக்கும் என்றாலும், கடற்கரையை நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. உப்புக்காற்று லென்ஸின் பூச்சைக் கெடுக்கும், திருகாணிகளைத் துருப்பிடிக்க வைக்கும். கன்னியாகுமரி முனையில் திருவள்ளுவர் சிலையையும் கண்ணாடிப் பாலத்தையும் சுற்றியுள்ள விளக்குகள் வேறு கண்ணைக் கூசச் செய்யும். சனி நமக்கு உச்சிக்கருகில் வருவதால் மலையோ தென்னையோ மறைக்கும் என்ற கவலை வேண்டாம். வீட்டு முற்றமே போதும்.

தொலைநோக்கியை அரைமணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்துவிடுங்கள். கருவியும் காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வர வேண்டும். மார்கழிப் பனியில் லென்ஸில் ஈரம் படியும். கறுப்பு அட்டையை ஒரு சாண் நீளத்துக்குக் குழாயாகச் சுருட்டி முன்பக்கம் மாட்டினால் பனி படிவது வெகுவாகக் குறையும்.

படி 4: சனியைக் கண்டுபிடிப்பது

2026-27 பருவத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கார்த்திகை, மார்கழி முன்னிரவில் உச்சிக்குச் சற்று வடக்கே நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். மேற்குப் பக்கத்து இரண்டும் நம் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் இரண்டு விண்மீன்களையும் இணைத்து, அந்தக் கோட்டை அதே நீளத்துக்குத் தெற்கே நீட்டுங்கள். அது முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, சுற்றிலும் வேறு பிரகாசமான எதுவும் இல்லாத வெளியில், மினுக்காமல் நிற்பதுதான் சனி. அடுத்தடுத்த வருடங்களில் அது கிழக்கே நகர்ந்துகொண்டே போகும். சூரியனைச் சுற்ற அதற்கு 29 வருடத்துக்கு மேல் ஆகிறது. பன்னிரண்டு ராசியால் வகுத்தால் ராசிக்கு இரண்டரை வருடம். சனிப்பெயர்ச்சிக் கணக்கும், மூன்று ராசி சேர்ந்த ஏழரை வருடக் கணக்கும் இந்த ஓட்டத்திலிருந்து வந்தவைதான்.

சந்தேகமிருந்தால் வானத்தின் படத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் ஊரை நாகர்கோவில் என்று கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்ததும் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில், அதாவது பெரிய எண் உள்ள ஐபீஸில் தொடங்குங்கள். சனியை நடுவில் கொண்டுவந்த பிறகே சிறிய ஐபீஸுக்கு மாறுங்கள். டாப்சோனியன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: நேர் உச்சியில் இருக்கும் கோளைத் தொடர்வது இந்த வகையில் சிரமம். அடித்தளத்தைச் சுற்றினாலும் குழாய் எங்கும் நகராததுபோல் இருக்கும். நமக்கோ சனி உச்சிக்கே வருகிறது. அது உச்சியைத் தாண்டி 70 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தால் கழுத்தும் தப்பும், கருவியும் சொன்னபடி கேட்கும்.

படி 5: வளையத்தைப் பார்க்கும் விதம்

முதலில் ஃபோகஸ். அந்தக் குமிழை ஒரு பக்கமாகத் திருப்பி, சரியான இடத்தைத் தாண்டி, திரும்ப வந்து நிறுத்துங்கள். அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். கை பட்டால் உருவம் ஆடும். கண்ணை ஐபீஸில் அழுத்தாமல் ஒரு விரல் தூரத்தில் வையுங்கள். முதல் நிமிடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சிறு உருவம் நீரடியில் கிடப்பதுபோல் அலையும். கண்ணை எடுக்காமல் இருங்கள். சட்டென்று ஒரு நொடி காற்று நின்றுவிடும். அந்த நொடியில் கோளம் தனியாக, வளையம் தனியாக, இரண்டுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி தனியாக, ஓரமெல்லாம் கூர்மையாகத் தெரியும். மறுபடி கலங்கும், மறுபடி தெளியும். பத்து நிமிடம் இப்படிப் பார்த்தவருக்குத் தெரிவதில் கால்வாசிகூட எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறவருக்குத் தெரியாது.

கோயிலில் சனிபகவானுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது என்று பழகியவர்கள் இதில் கண் வைக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆச்சி வெகுநேரம் தள்ளியே நின்றார்கள். கடைசியில் பேத்தியின் வற்புறுத்தலுக்காகக் குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. "உள்ளே படம் ஏதும் ஒட்டி வச்சிருக்கியா மக்களே?" என்று குழாயின் முன்பக்கத்தைப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து பார்த்தார்கள்.

2026-இல் வளையம் ஒடுங்கியே தெரியும். அதற்கு விளக்கம் இதுதான். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கண்மட்டத்தில் பிடித்தால் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரியும். சாய்க்கச் சாய்க்க உள்வட்டம் விரியும். வளையம் சனியின் சுற்றுப்பாதைக்கு 27 டிகிரி சாய்ந்திருப்பதால், சனி ஒருமுறை சூரியனைச் சுற்றுவதற்குள் இரண்டு தடவை அதன் விளிம்பு நம்மை நோக்கி வருகிறது. 2025 மார்ச் 23 அப்படிப்பட்ட நாள். 2026 அக்டோபரில் சாய்வு சுமார் 8 டிகிரி, 2027-இல் 13, 2028-இல் 18. இனிச் சில வருடங்களுக்கு நாம் பார்க்கப்போவது வளையத்தின் தெற்கு முகம்.

கலிலியோவுக்கே இது பிடிபடவில்லை. 1610-இல் சனிக்கு இருபுறமும் இரண்டு துணைகள் இருப்பதாக எண்ணினார். 1612-இல் அவை காணாமல் போனதும் திகைத்துவிட்டார். கோளைத் தொடாமல் சுற்றிவரும் தட்டையான வளையம் அது என்று 1659-இல் வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கினார். 1675-இல் காசினி என்ற வானியலாளர் வளையத்துக்குள் ஒரு கறுப்பு இடைவெளியைக் கண்டார். வளையம் திடமான தகடாக இருந்தால் உடைந்துவிடும், தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற துணுக்குகளாகத்தான் இருக்க முடியும் என்று 1850-களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்கால் நிறுவினார். அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி. தூசு அளவிலிருந்து வீட்டளவு வரை உண்டு. முக்கிய வளையங்களின் முழு அகலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2,73,000 கி.மீ. தடிமனோ பல இடங்களில் பத்து மீட்டர் போலத்தான்.

தேட வேண்டியவை இவை. வெளிப்புற வளையமான ஏ மங்கலாகவும், அதற்குள் பி பளிச்சென்றும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே காசினி இடைவெளி, அகலம் சுமார் 4,800 கி.மீ. இப்போதைக்கு வளையத்தின் இரு நுனிகளில் மட்டும், அதுவும் 4 அங்குலத்துக்கு மேற்பட்ட கருவியில் காற்று அடங்கிய நொடியில் பிடிக்கலாம். 2028-க்குப் பிறகு சிறிய தொலைநோக்கியிலும் கிட்டும். இந்த இடைவெளிக்குக் காரணம் மிமாஸ் என்ற நிலா. அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இடைவெளியின் உள்விளிம்பில் இருக்கும் துணுக்கு சரியாக இரண்டு சுற்று முடித்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இழுபட்டு இழுபட்டு, துணுக்குகள் அங்கே தங்க முடியாமல் போய்விட்டன.

படி 6: நிலாக்கள்

2025 மார்ச் நிலவரப்படி சனிக்கு 274 நிலாக்கள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண தொலைநோக்கிக்கு ஒன்றில் தொடங்கி ஆறு வரை கிடைக்கும். அந்த ஆறுக்கே பல மாத வேலை இருக்கிறது.

முதலில் திசை தெரிய வேண்டும். தொலைநோக்கி வகைக்குத் தகுந்தபடி உருவம் தலைகீழாகவோ இடம்வலம் மாறியோ தெரியும். அதனால் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருவியை நகர்த்தாமல் விட்டால் சனி மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்து வெளியே போகும். அது போகும் பக்கம்தான் மேற்கு.

தூரத்தை அளக்க வளையத்தையே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள அதன் முழு அகலத்தையே, அளவுகோலாகக் கொள்ளுங்கள். சனியின் நடுவிலிருந்து நிலா எத்தனை 'வளைய அகலம்' தள்ளி இருக்கிறது என்று கண்ணளவில் எழுதினால் போதும்.

டைட்டன் அதிகபட்சம் நாலரை வளைய அகலம் தள்ளிப் போகும். சுற்றிவர 16 நாள். 60 மி.மீ. தொலைநோக்கியிலேயே தெரியும். ரியா ஏறக்குறைய இரண்டு அகலம், நாலரை நாள். இதற்கு 80 மி.மீ. இருந்தால் நல்லது. டயோனியும் டெதிஸும் வளைய நுனிக்கு இன்னும் அருகில், இரண்டு மூன்று நாள் சுற்று, 5 அல்லது 6 அங்குலக் கருவி வேண்டும். என்செலாடஸுக்கு 8 அங்குலமும் நல்ல இருட்டும் தேவை. ஐயாபெட்டஸ் தனி ரகம். 13 வளைய அகலம் வரை தள்ளிப் போகும், 79 நாள் சுற்று. சனிக்கு மேற்கே இருக்கும்போது பளிச்சென்றும் கிழக்கே வரும்போது வெகுவாக மங்கியும் இருக்கும். 1671-இல் இதைக் கண்ட காசினிக்கு மேற்குப் பக்கத்தில் மட்டும்தான் அது அகப்பட்டது. ஒரு முகம் கரியாகவும் மறுமுகம் பனியாகவும் இருப்பதே காரணம் என்று அவரே ஊகித்தார். வெளியே சுற்றும் ஃபீபி என்ற நிலாவிலிருந்து வரும் தூசு, ஐயாபெட்டஸ் நகரும் திசையை நோக்கிய முகத்தில் படிவது இதற்குத் தொடக்கம் என்று இன்று தெரியும்.

நீங்கள் பார்க்கும் புள்ளிகள் என்ன மாதிரி உலகங்கள் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். டைட்டனின் விட்டம் 5,150 கி.மீ., புதன் கோளைவிடப் பெரிது. பூமியைவிட அழுத்தமான நைட்ரஜன் காற்றும், மீத்தேன் மழையும், மீத்தேன் ஏரிகளும் அங்கே உண்டு. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அதன் தரையில் இறங்கியது. 500 கி.மீ. விட்டமே உள்ள என்செலாடஸின் தென்துருவ வெடிப்புகளிலிருந்து நீர்த்தாரை விண்வெளிக்குப் பீய்ச்சுவதை அதே வருடம் காசினி விண்கலம் கண்டது. பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது. பீய்ச்சிய பனித்தூள்தான் சனியின் 'இ' (E) என்ற வளையமாகப் பரவிக் கிடக்கிறது.

படி 7: நோட்டுப் போட்டு, சனியை எடை போடுவது

எனக்கு இந்த வழிகாட்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு நோட்டில் தேதி, மணி, வளையத்தின் சின்னப் படம், நிலா இருக்கும் பக்கம், வளைய அகலத்தில் தூரம். இவ்வளவுதான். மேகமில்லாத எல்லா இரவும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மாதத்தில் டைட்டன் கிழக்கு எல்லைக்குப் போய், திரும்பி, மேற்கு எல்லைக்குப் போய், மறுபடி கிழக்கே வருவது படத்திலேயே தெரிந்துவிடும். ஒரே எல்லைக்குத் திரும்ப வர 16 நாள் என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

சரி, இப்போது கணக்கு. டைட்டனின் தூரம் 4.5 வளைய அகலம். ஒரு வளைய அகலம் 2.73 லட்சம் கி.மீ. பெருக்கினால் 12.3 லட்சம் கி.மீ. நம் நிலா பூமியிலிருந்து 3.84 லட்சம் கி.மீ. தூரத்தில் 27.3 நாளில் சுற்றுகிறது. டைட்டனின் தூரம் அதைப்போல் 3.2 மடங்கு. 3.2-இன் மும்மடி சுமார் 32.8. அடுத்து, 27.3-ஐ 16-ஆல் வகுத்தால் 1.71, அதன் வர்க்கம் 2.9. இரண்டையும் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 95 வரும். அதுதான் சனியின் நிறை: 95 பூமிகள். தூரத்தில் அதிகமாக இருந்தும் இத்தனை வேகமாகச் சுற்ற வைக்க எவ்வளவு ஈர்ப்பு வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

ரியாவையும் குறித்திருந்தால், சுற்றும் நாட்களின் வர்க்கம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப இருக்கும் என்ற கெப்ளரின் மூன்றாம் விதியைச் சோதிக்கலாம். 4.5-ஐ 1.9-ஆல் வகுத்து, மும்மடியாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 3.6 சொச்சம். டைட்டனின் நாட்களை ரியாவின் நாட்களால் வகுத்தால் 3.5. கண்ணளவில் அளந்த எண்கள் இவ்வளவு நெருங்கி வருவதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். இயற்பியல் புத்தகத்தில் படிக்கும் விதி தன் வீட்டு முற்றத்தில் நடப்பதை அப்படித்தான் அவர்கள் காண முடியும்.

படி 8: கருவியைக் காப்பாற்றுவது

நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் பெரிய எதிரி. பனியில் நனைந்த லென்ஸை உடனே மூடிவைக்காதீர்கள். வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் தானே காயவிட்டு மூடுங்கள். ஐபீஸ்களை இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தூசியைத் துணியால் துடைக்காமல் ஊதுபந்தால் ஊதி அகற்றுங்கள். பகலில் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள், ஒரு நொடியில் கண் போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் பகலெல்லாம் மூடி போட்டே இருக்கட்டும்.

இனி வரும் வருடங்கள்

எதிரமைவு வருடாவருடம் தள்ளிப்போவதால் 2029-இலும் 2030-இலும் அது நவம்பர் மழைக்குள் சிக்கும். அந்த வருடங்களில் தை, மாசிதான் கதி. ஆனால் வளையம் தொடர்ந்து விரிந்துகொண்டே இருக்கும். 2032-இல் எதிரமைவு டிசம்பர் கடைசி வாரத்துக்கு வந்துவிடும். வளையம் 27 டிகிரி முழு விரிவில் இருப்பதும் அந்தச் சமயத்தில்தான். டைட்டனும் ரியாவும் ஒரே கோட்டில் போய்வராமல் சனியின் மேலும் கீழுமாக நீள்வட்டம் போடும். மழை ஓய்ந்த மார்கழி வானத்தில், நாகர்கோவிலில் 76 டிகிரி உயரத்தில் சனி நிற்கும். அதற்குள் நோட்டில் ஐந்தாறு பருவத்துப் படங்கள் சேர்ந்திருந்தால், கோடாக இருந்த வளையம் விரிந்த கதை முழுக்க உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.